லெக்சிங்டன் அவென்யூவின் 290 அடி

அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் பழைய பேஸ்பால் மைதானமான லீக் பார்க்கைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முதல் யோசனை: கேமரா இருக்கிறதோ இல்லையோ, 30 மீட்டர் அளவு நாடா ஒன்று பையில் இருக்கட்டும். அங்கே பார்க்க மிச்சமிருக்கும் கட்டடம் கொஞ்சம்தான். ஒரு டிக்கெட் அறை, தெருவோரமாக ஒரு செங்கல் சுவர், நடுவில் பச்சையாக ஒரு திடல். காரை நிறுத்தி, நாலு படம் எடுத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அளந்து பார்த்தால்தான் அந்த இடம் பேச ஆரம்பிக்கும்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் பேஸ்பாலின் ஓர் அடிப்படையைச் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட்டில் பிட்ச் 22 கஜம் என்பது மாறாது. எல்லைக்கோடு மைதானத்துக்கு மைதானம் மாறும். பேஸ்பாலிலும் அப்படித்தான். ஓடித் தொட வேண்டிய ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி, பந்து வீசும் பிட்சர் நிற்கும் பலகையிலிருந்து, மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம், ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்கு 127 அடிக்குக் கொஞ்சம் மேலே. உலகத்தில் எங்கே போனாலும் இதுதான் கணக்கு. ஆனால் அவுட்ஃபீல்ட் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தக் காலத்தில் விதிப்புத்தகம் முடிவு செய்யவில்லை. தெரு முடிவு செய்தது. பக்கத்து வீட்டுக்காரர் முடிவு செய்தார். லீக் பார்க்கில் இது நடந்த அளவுக்கு வெளிப்படையாக வேறெங்கும் பார்க்க முடியாது.

1891-இல் கிளீவ்லேண்ட் ஸ்பைடர்ஸ் அணியின் உரிமையாளர் ஃபிராங்க் ராபிசன் டிராம் கம்பெனி முதலாளியும்கூட. தன்னுடைய டிராம் வண்டிகள் போகும் வழியிலேயே மைதானத்தை வைத்தார். ஆட்டம் பார்க்க வருகிறவர் டிராமுக்கும் காசு கொடுப்பாரே. லெக்சிங்டன் அவென்யூவும் அப்போது டன்ஹாம் தெரு என்று பேர் கொண்டிருந்த தெருவும் சேரும் முக்கில் நிலம் வாங்கினார். ஆனால் அந்தப் பக்கத்தில் வீடு வைத்திருந்த சிலரும் ஒரு மதுக்கடைக்காரரும் விற்க மறுத்துவிட்டார்கள். கிடைத்த நிலத்துக்குள் மைதானத்தை அடக்க வேண்டியிருந்தது. விளைவு, வலதுபக்கக் கோட்டில் ஹோம் பிளேட்டிலிருந்து வெறும் 290 அடியில் தெரு வந்துவிட்டது. இடதுபக்கமோ 375 அடி வரை நீண்டது. நடுவின் ஆழமான மூலை 460 அடிக்குப் போனது.

290 அடி என்றால் 88.4 மீட்டர். தொழில்முறை ஆட்டக்காரர் மட்டையைச் சரியாகக்கூடப் போடாமல் தூக்கிவிட்ட பந்து அதைத் தாண்டிவிடும். அதனால் சுவரை உயர்த்தினார்கள். 1910-இல் மரக் கட்டுமானத்தை எடுத்துவிட்டுக் கான்கிரீட்டிலும் எஃகிலும் கட்டியபோது அந்தச் சுவர் 40 அடி உயரம் ஆனது: கீழே கான்கிரீட், அதற்குமேல் இரும்புத் தூண்களில் இழுத்துக் கட்டிய கம்பி வலை. பாஸ்டன் ஃபென்வே பார்க்கின் பேர்பெற்ற பச்சைச் சுவரே 37 அடி 2 அங்குலம்தான்.

இந்தச் சுவர் ஆட்டத்தை என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். பந்து கான்கிரீட்டில் பட்டால் வேகமாகத் திரும்பி வரும்; ஃபீல்டர் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் தலைக்குமேல் தாண்டி உள்ளே ஓடிவிடும். வலையில் பட்டால் வேகம் செத்து நேரே கீழே விழும். தூணில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதில் பட்டாலும் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும். வேறு ஊரில் சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகியிருக்கக்கூடிய தாழ்ந்த, வேகமான அடி இங்கே சுவரில் மோதி இரண்டு பேஸோடு, அதாவது டபிளோடு, நின்றுவிடும். உயரமாக, சோம்பலாகக் கிளம்பிய பந்து தாண்டிப் போய்த் தெருவில் விழும். இடக்கை ஆட்டக்காரர் டிரிஸ் ஸ்பீக்கர் 1916 முதல் 1926 வரை 11 பருவங்கள் இங்கே ஆடினார். தன் ஆட்டவாழ்வில் அவர் அடித்த 792 டபிள்கள் இன்றுவரை முறியாத சாதனை. 1926-இல் ஜார்ஜ் பர்ன்ஸ் கிளீவ்லேண்டுக்காக ஒரே பருவத்தில் 64 டபிள் அடித்தார். அந்த எண்ணிக்கைகளில் இந்தச் சுவருக்கும் பங்கு உண்டு.

இனி, போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்வது.

நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கிழக்கே, கிழக்கு 66-ஆம் தெருவும் லெக்சிங்டனும் சேரும் முக்கு. கார் இல்லாதவர்கள் யூக்ளிட் அவென்யூவில் ஓடும் ஹெல்த்லைன் பேருந்தில் ஏறி 66-ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்கி வடக்கே நடக்கலாம். முக்கில் முதலில் கண்ணில் படுவது 1909-இல் கட்டிய டிக்கெட் அறை. இப்போது அதில் பேஸ்பால் அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கிளம்புமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. பூட்டியிருந்தாலும் திடலைச் சுற்றி நடக்கலாம். பள்ளிப் பிள்ளைகளோ குழுக்களோ ஆடிக்கொண்டிருந்தால் முடியும்வரை கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அது அவர்களுடைய மைதானம்.

டிக்கெட் அறையைப் பார்த்ததும் ஹோம் பிளேட் அதற்குப் பின்னால்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். எல்லா ஸ்டேடியத்திலும் பெரிய வாசல் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால்தானே இருக்கும். இங்கே அது நேர்மாறு. டிக்கெட் அறை இருப்பது வலது ஃபீல்டின் மூலையில். ஹோம் பிளேட் இருப்பது தெருவில் வடக்கே போய், லின்வுட் அவென்யூ பக்கத்து மூலையில். அதாவது மட்டை பிடிப்பவர் தென்கிழக்கைப் பார்த்து நிற்பார். முதல் பேஸ் கோடு 66-ஆம் தெருவுக்கு இணையாகத் தெற்கே ஓடும். மூன்றாம் பேஸ் கோடு கிழக்கே ஓடும். இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பழைய படங்கள் ஒன்றும் பொருந்தாது. பாதிப் பேர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

2014-இல் சீரமைத்தபோது ஹோம் பிளேட்டைப் பழைய இடத்திலேயே, திடலைப் பழைய திசையிலேயே வைத்தார்கள். புல் செயற்கை. வலதுபக்கத்தில் சுவரையும் வலையையும் நினைவுபடுத்த ஓர் அமைப்பு எழுப்பியிருக்கிறார்கள். அது புதியது, 1910-இன் சுவர் அல்ல. பழையது எது என்றால் டிக்கெட் அறையும், 66-ஆம் தெருவோரமாக நிற்கும் முதல் பேஸ் பக்கத்துப் பார்வையாளர் மாடத்தின் வெளிச்சுவரும். மாடம் போய்விட்டது, முகப்பு மட்டும் நிற்கிறது. சீரமைத்த இடத்தில் புதுச் செங்கலும் பழசும் கலந்திருக்கும். கையை வைத்துப் பார்க்கலாம். பெயர்த்து எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். ஞாபகார்த்தம் என்று ஆளுக்கு ஒரு துண்டு கொண்டுபோய்த்தான் பல பழைய மைதானங்கள் இருந்த மிச்சத்தையும் இழந்தன.

அளப்பதில் ஒரு நுணுக்கம். ஹோம் பிளேட் ஐந்து பக்கம் கொண்ட தகடு. முன்பக்கம் 17 அங்குல அகலம், பின்பக்கம் கூராக முடியும். தூரம் எல்லாமே அந்தப் பின்கூரிலிருந்துதான் கணக்கு. முன்விளிம்பிலிருந்து அளந்தால் தொடக்கத்திலேயே ஒன்றரை அடி பிசகும். நாடாவின் நுனியைக் கூரில் ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கோட்டின் மேலேயே தெற்கு நோக்கிப் போக வேண்டும். நாடா தரையில் படிந்திருக்க வேண்டும். தொங்கினால் தூரம் கூடுதலாகக் காட்டும். 27.4 மீட்டரில் முதல் பேஸ். மூன்று முழு நாடாவுக்கு ஒன்றரை மீட்டர் குறைவாக 88.4. தனியாகப் போனவர்கள் முதலில் 30 மீட்டரை மூன்று தடவை நடந்து தங்கள் காலடியை எண்ணிச் சராசரி எடுத்துக்கொண்டால் போதும். 75 சென்டிமீட்டர் எட்டு வைப்பவருக்கு 118 எட்டில் லெக்சிங்டன் வந்துவிடும். திரும்பி வந்து மூன்றாம் பேஸ் கோட்டில் நடந்தால் 375 அடிக்கு 152 எட்டு. அந்த 34 எட்டு வித்தியாசத்தைக் காலால் உணர்வதற்குத்தான் இவ்வளவு பாடும்.

புத்தகங்களில் இந்த மைதானத்துக்கு வேறு வேறு அளவுகள் தென்படும். பயப்பட வேண்டாம். மரக் கட்டுமானக் காலத்துக்கு ஓர் அளவு, 1910-க்குப் பிறகு ஓர் அளவு; இருக்கைகளைக் கூட்டிக் குறைத்தபோதெல்லாம் இடதும் நடுவும் மாறின. வலதுபக்க 290 மட்டும் மாறவில்லை, தெரு அங்கேயேதான் இருந்தது. எந்த எண்ணை எடுத்தாலும் எந்த ஆண்டுக்கு உரியது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்ணி: 1891 மே 1 அன்று முதல் ஆட்டத்தில் ஸ்பைடர்ஸின் பிட்சர் சை யங் பந்து வீசியதை இன்றைய பிட்சர் மேட்டில் நின்று கற்பனை செய்வது. அந்த மேடு அப்போது கிடையாது. 1892 வரை பிட்சர் ஒரு கட்டத்துக்குள் நின்று வீசினார். கட்டத்தின் முன்கோடு ஹோம் பிளேட்டிலிருந்து 50 அடியில், பின்காலை வைக்க வேண்டிய பின்கோடு 55 அடி 6 அங்குலத்தில். 60 அடி 6 அங்குலம் 1893-இல் வந்தது. ஹோம் பிளேட்கூட 1900 வரை சதுரம்தான். ஆகவே சை யங்கின் இடத்தில் நிற்க விரும்புகிறவர்கள் இன்றைய பலகையிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னே வர வேண்டும். அங்கே நின்று ஹோம் பிளேட்டைப் பாருங்கள். கிரிக்கெட் ஸ்டம்புகளுக்கு நடுவில் 20 மீட்டருக்குச் சற்று மேல்; இங்கே பதினேழுகூட முழுசாக இல்லை. தலைக்கவசம் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

தலைக்கவசம் என்றதும் ரே சாப்மன் நினைவுக்கு வராமல் இருக்காது. கிளீவ்லேண்டின் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர். 1920 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் கார்ல் மேஸ் வீசிய பந்து தலையில் பட்டு, மறுநாள் விடியற்காலையில் இறந்துபோனார். அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீக் ஆட்டத்தில் பந்து பட்டு உயிரிழந்தவர் அவர் ஒருவரே. அந்தத் துக்கத்தோடுதான் அணி அந்த ஆண்டு மேஜர் லீகின் இறுதிப் பட்டப் போட்டியான உலகத் தொடருக்கு வந்து, ப்ரூக்லினை வென்று, இந்தத் திடலில் கோப்பையைக் கைப்பற்றியது. ஐந்தாவது ஆட்டம் அக்டோபர் 10. முதல் இன்னிங்ஸில் எல்மர் ஸ்மித் மூன்று பேஸிலும் ஆள் இருக்க வலதுபக்கச் சுவருக்கு மேலே அனுப்பினார். உலகத் தொடரின் முதல் கிராண்ட் ஸ்லாம். ஐந்தாவது இன்னிங்ஸில் முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ஆள். அவுட் எதுவும் இல்லை. ப்ரூக்லினின் கிளாரன்ஸ் மிட்செல் அடித்த வேகப்பந்தை இரண்டாம் பேஸ்காரர் பில் வாம்ப்ஸ்கான்ஸ் தாவிப் பிடித்தார். பந்து பிடிபட்டால் ஓடியவர்கள் தங்கள் பேஸுக்குத் திரும்பியாக வேண்டும்; மூன்றாம் பேஸை நோக்கி ஓடிவிட்டவர் திரும்புமுன் இவர் போய் இரண்டாம் பேஸைக் காலால் தொட்டார். திரும்பினால் முதல் பேஸிலிருந்து ஓடி வந்தவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்; தொட்டார். தனியாளாக மூன்று அவுட். உலகத் தொடர் வரலாற்றில் அதற்குமுன்னும் இல்லை, பிறகும் இல்லை. இரண்டாம் பேஸுக்குப் பக்கத்தில், முதல் பேஸ் பக்கமாக நாலைந்து எட்டு தள்ளி நின்றுகொண்டு அந்த மூன்று அசைவையும் செய்து பாருங்கள். ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும்.

சாப்மனுக்காக இந்த மைதானத்தில் ஒரு வெண்கலப் பலகை வைத்திருந்தார்கள். அணி ஏரிக்கரையில் இருந்த பெரிய முனிசிபல் ஸ்டேடியத்துக்கு மாறியபோது அதுவும் போனது. பிறகு கிடங்குக்குப் போய் மறந்தே போனது. 2007-இல் பழைய சாமான்களுக்கு நடுவே கிடைத்து, இப்போது அணியின் இன்றைய மைதானத்தில் இருக்கிறது. அவருடைய கல்லறை லேக் வியூ இடுகாட்டில், யூக்ளிட் அவென்யூவிலேயே இன்னும் கிழக்கே. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். கல்லறையில் ஜனங்கள் பந்தும் கையுறையும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்து, லெக்சிங்டன் பக்கம் வெளியே வந்து நடைபாதையில் நில்லுங்கள். 1929 ஆகஸ்ட் 11 அன்று பேப் ரூத்தின் 500-ஆவது ஹோம் ரன் இந்தச் சுவரைத் தாண்டி இந்தத் தெருவில்தான் விழுந்தது. 1936-இல் கிளீவ்லேண்டின் 17 வயது பிட்சர் பாப் ஃபெல்லர் தன் முதல் முழு ஆட்டத்தில் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்ததும் இங்கேதான். கறுப்பின ஆட்டக்காரர்களின் நீக்ரோ அமெரிக்கன் லீகைச் சேர்ந்த கிளீவ்லேண்ட் பக்கீஸ் அணிக்கும் இதுவே தாய்வீடு. 1945-இல் அவர்கள் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியை நான்கு ஆட்டத்திலும் வென்று பட்டம் எடுத்தார்கள். வெள்ளை அணிகளின் கதையை மட்டும் பேசிவிட்டுப் போகிறவர்கள் இந்த மைதானத்தில் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

பிறகு ஏன் கைவிட்டார்கள்? இருபதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் உட்கார முடியும். நிரந்தர இரவு விளக்கு கடைசிவரை போடவே இல்லை. 1931-இல் திறந்த முனிசிபல் ஸ்டேடியம் பல மடங்கு பெரிது. சில ஆண்டுகள் சாதாரண நாள் ஆட்டம் இங்கே, கூட்டம் வரும் ஆட்டம் அங்கே என்று ஓட்டினார்கள். ஆட்டம் தவறாமல் ஹிட் அடித்துக்கொண்டே போன ஜோ டிமாஜியோவின் தொடர்ச்சாதனையில் இது அழகாகத் தெரியும். 1941 ஜூலை 16 அன்று 56-ஆவது ஆட்டத்தில் அவர் இந்தத் திடலில் மூன்று ஹிட் அடித்தார். மறுநாள் இரவு ஆட்டம். விளக்கு வேண்டும், 67,000 பேருக்கு இடமும் வேண்டும். ஏரிக்கரைக்குப் போனார்கள். அங்கே சாதனை நின்றுபோனது. 1946-இல் அணியை வாங்கிய பில் வீக் எல்லா ஆட்டத்தையும் அங்கே கொண்டுபோனார். 1951-இல் நகராட்சி இதில் பெரும்பகுதியை இடித்தது. சுற்றியுள்ள ஹஃப் பகுதியின் கதை அதைவிடக் கனமானது. 1966 ஜூலையில் இனப்பாகுபாட்டின் கொதிப்பில் வெடித்த கலவரத்துக்குப் பிறகு வீடுகள் காலியாகின, கடைகள் மூடின. கண்டுகொள்ள ஆளில்லாமல் சுவர் மட்டும் நின்றது. அதை விடமாட்டேன் என்று பல ஆண்டுகள் நகர மன்றத்தில் போராடியவர் அந்த வட்டாரத்தின் உறுப்பினர் ஃபேனி லூயிஸ். 2008-இல் அவர் காலமானார். பூங்காவுக்கு இப்போது அவர் பேர்.

புறப்படுமுன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இதே முறை எந்தப் பழைய மைதானத்துக்கும் பொருந்தும். தீக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக வரைந்த சான்பார்ன் வரைபடங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்குலத்துக்கு 50 அடி என்பது வழக்கமான அளவு. இளஞ்சிவப்பு செங்கல், மஞ்சள் மரம், நீலம் கல் அல்லது கான்கிரீட். மைதானம் எந்தப் பக்கம் எதனால் கட்டப்பட்டது என்று நிறத்திலேயே தெரியும். அந்தத் தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் போட்டு ஒட்டிப் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று புள்ளி பொருந்த வேண்டும். இரண்டு மட்டும் வைத்தால் படம் கோணிக்கொண்டு ஹோம் பிளேட் அடுத்த வீட்டுத் தோட்டத்தில் போய் விழும். லீக் பார்க்குக்கு டிக்கெட் அறை ஒன்று, லெக்சிங்டன் முக்கு ஒன்று, லின்வுட் முக்கு ஒன்று. 1906 வாக்கில் கிளீவ்லேண்ட் தன் வடக்கு-தெற்குத் தெருக்களின் பேரையெல்லாம் எண்ணாக மாற்றியது. அதற்கு முந்தைய தாளில் 66-ஆம் தெரு என்று தேடினால் கிடைக்காது. டன்ஹாம் என்று தேட வேண்டும். பழைய புகைப்படங்களுக்குக் கிளீவ்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கிளீவ்லேண்ட் பிரஸ் சேகரம் நல்ல இடம். நாலு படம் அச்செடுத்துக்கொண்டு போனால் போதும். வெயிலில் செல்பேசித் திரையில் ஒன்றும் தெரியாது.

எல்லா ஊரிலும் இவ்வளவு மிச்சம் கிடைக்காது. நியூயார்க்கில் போலோ கிரவுண்ட்ஸ் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. 1913-இல் அணி கட்டிக்கொடுத்த ஜான் டி. பிரஷ் படிக்கட்டு மட்டும் கூகன்ஸ் பிளஃப் சரிவில் இறங்குகிறது. பிட்ஸ்பர்கில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் சுவரில் ஒரு துண்டு 457 அடி என்ற எழுத்தோடு நிற்கிறது. ஹோம் பிளேட்டைப் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் கண்ணாடிக்கு அடியில் பதித்திருக்கிறார்கள், அசல் இடம் அதுவல்ல, கொஞ்சம் தள்ளி என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் ஹின்ச்லிஃப் ஸ்டேடியம் கால் நூற்றாண்டு பூட்டிக் கிடந்து 2023-இல் திறந்தது. பின்னாளில் கிளீவ்லேண்டுக்கு ஆடிய லாரி டோபி பள்ளிப் பிள்ளையாக ஆடிய இடம் அது.

லீக் பார்க்கில் வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. 66-ஆம் தெரு முகப்பு மேற்கே பார்த்தது. காலையில் நிழலில் கிடக்கும், பிற்பகலில்தான் செங்கலின் நிறம் எழும்பும். அதே பிற்பகலில் இடது ஃபீல்டில் போய் நின்று ஹோம் பிளேட்டைத் திரும்பிப் பாருங்கள். சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். கையைப் புருவத்துக்குமேல் வைத்துக்கொள்ளாமல் பிளேட் தெரியாது. இங்கே மேஜர் லீக் ஆட்டம் எல்லாம் பகலில்தான் நடந்தது. இடது ஃபீல்டர் ஒவ்வொருவரும் 1946 செப்டம்பர்வரை அப்படித்தான் நின்றார்கள்.